ஆயில் குறையவில்லை, ஏறுகிறது: 2009 இன்னோவா டீசலில் எங்கே பார்ப்பது?

ஆனைமலைக்காரன்:

வணக்கம். வண்டி 2009 இன்னோவா, 2.5 டீசல், 2.8 லட்சம் கி.மீ. தாண்டிவிட்டது. அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். பொள்ளாச்சியிலிருந்து கோவை போய்வர, அவ்வப்போது வால்பாறை ஏற, அவ்வளவுதான் ஓட்டம்.

பிரச்சினை கேட்கவே விநோதமாக இருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். அன்றைக்கு டிப் ஸ்டிக்கில் எஃப் (ஃபுல்) கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது, நானே பார்த்தேன். அதற்கப்புறம் சுமார் 2000 கி.மீ. ஓடியிருக்கும். இப்போது எஃப்புக்கு மேலே ஒரு விரல் அகலம் ஏறி நிற்கிறது. நடுவில் யாரும் ஆயில் ஊற்றவில்லை. டிரைவரும் கிடையாது, வண்டி என் கையை விட்டு எங்கும் போகவில்லை.

வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் காட்டினால், "ஆயில் குடிக்கிற வண்டிக்குத்தான் சார் கவலைப்படணும், இது குடிக்கவே இல்லையே" என்று சிரித்துவிட்டு, ஒரு லிட்டரை இறக்கிவிட்டால் போதும் என்றார். இன்னொரு பட்டறையில், போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்து டீசல் கீழே இறங்குகிறது, முழு எஞ்சின் வேலை என்று ஒன்றரை லட்சத்துக்கு எஸ்டிமேட்டே எழுதிக் கொடுத்துவிட்டார்கள், ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல்.

வேறு குறை எதுவும் தெரியவில்லை. புகை இல்லை, இழுவை பழைய மாதிரியே, மைலேஜ் 12 கிடைக்கிறது. கூலன்ட் பாட்டிலில் அளவு குறையவில்லை. டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தில்தான் நிற்கிறது. ஆயில் மாற்றுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, காலையில் ஸ்டார்ட் செய்ததும் தடதடவென்று சத்தம் வந்ததால் நான்கு இன்ஜெக்டரையும் கழற்றிச் சுத்தம் செய்து போட்டார்கள், அந்தச் சத்தம் இப்போது இல்லை.

இப்படியே ஓட்டலாமா? அடுத்த வாரம் வால்பாறை போக வேண்டியிருக்கிறது. இரண்டு பட்டறையில் எதை நம்புவது என்று புரியவில்லை.

வெள்ளை போலீரோ:

வால்பாறை இப்போதைக்கு வேண்டாம் நண்பரே, காரணம் பிறகு சொல்கிறேன்.

முதலில் லெவல் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டி சரிவில் நின்றால் டிப் ஸ்டிக் எதை வேண்டுமானாலும் காட்டும். சில வீட்டு போர்ட்டிகோவே தண்ணீர் ஓடுவதற்காக வாட்டம் வைத்துத்தான் போட்டிருப்பார்கள், நமக்குக் கண்ணில் தெரியாது. ஒரே இடம், வண்டி ஒரே திசை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், துடைத்துவிட்டு முழுதாக உள்ளே இறக்கி எடுத்துப் பாருங்கள். குச்சியின் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவு காட்டினால் குறைவாக உள்ள பக்கத்தைக் கணக்கில் வையுங்கள். மார்க்கர் பேனாவால் அந்த இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு நோட்டில் அன்றைய கி.மீ. சூடான ஆயில் விரிந்து கொஞ்சம் மேலே காட்டுவது இயல்பு, ஆனால் அது ஒரு விரல் அகலத்துக்கு வராது.

அப்படியும் ஏறியிருந்தால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. சம்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஆயில் மட்டம் அதிகமானால் கிராங்க் சுற்றும்போது ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை பேரிங்குக்குப் போனால் அங்கே ஆயில் போன மாதிரியே கணக்கில்லை. இதைவிடப் பெரிய பயம், எஞ்சினின் உள்வாயுவை வெளியேற்றும் பிரீதர் பைப் வழியாக ஆயில் டர்போவின் இன்லெட்டுக்குள் ஏறி எஞ்சினுக்குள் போவது. டீசல் எஞ்சினுக்கு எரிபொருளும் காற்றும் இருந்தால் போதும், ஸ்பார்க் பிளக் எல்லாம் கிடையாது, அது தன் ஆயிலையே எரித்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடும். சாவியைத் திருப்பி ஆஃப் செய்தாலும் நிற்காது. ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போய், வெள்ளைப் புகையோடு, எஞ்சின் உடையும் வரை ஓடும். மேனுவல் வண்டியில் அப்படி நடந்தால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்சைச் சட்டென்று விட்டால் எஞ்சின் திணறி நின்றுவிடும். இல்லையென்றால் காற்று போகிற வாயை ஒரு பலகையாலோ தடித்த ரப்பர் மேட்டாலோ அடைக்க வேண்டும். கையால் அடைக்கவே கூடாது, இழுத்துக்கொள்ளும். எதுவும் முடியாவிட்டால் தள்ளி நின்றுவிடுங்கள், வண்டி போனால் போகட்டும். இதை வைத்துக்கொண்டு மலை ஏறவா கேட்கிறீர்கள்?

எங்கள் தோட்டத்துப் பழைய டிராக்டரில் இதே மாதிரி ஏறியது. அதில் ரோட்டரி பம்ப்பின் ஷாஃப்ட் சீல் போய் டைமிங் கேஸ் வழியாக டீசல் சம்புக்கு இறங்கியிருந்தது. உங்களுடையது காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போவது), வேறு அமைப்பு. பம்ப் வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லட்டும்.

நாசில் கடை:

கோவையில் பம்ப், இன்ஜெக்டர் வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சம்பில் தானாக வந்து சேரக்கூடியது இரண்டுதான், தண்ணீர் அல்லது டீசல். இதில் எது என்று தெரியாமல் எஸ்டிமேட் எழுதுவது நாடி பிடிக்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பது. இந்த வண்டியில் இன்னொரு சந்தேகம் எழவே வாய்ப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது வரும் பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல்களில் டிபிஎஃப் (எக்ஸாஸ்டில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சுத்தமாவதற்காகக் கூடுதலாக டீசல் தெளிக்கும், அது ஆயிலில் கலந்து லெவல் ஏறும். உங்கள் 2009 வண்டியில் டிபிஎஃப்பே கிடையாது. ஆகவே இணையத்தில் அதைப் படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம். உங்கள் வண்டியில் லெவல் ஏறினால் ஏதோ ஒன்று ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம்.

தண்ணீரா என்று பார்க்க, பழைய தோசைக்கல்லையோ இரும்புத் தகட்டையோ நன்றாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, டிப் ஸ்டிக்கில் இருந்து இரண்டு சொட்டு விடுங்கள். வெளியில் வைத்துச் செய்யுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள். கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் படபடவென்று வெடிக்கும். சும்மா புகைந்து பரவினால் தண்ணீர் இல்லை. பால் கலந்த நிறத்தில் ஆயில் மாறியிருந்தால் இந்தச் சோதனையே தேவைப்படாது. ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெண்மை படிந்திருந்தால் பயப்படாதீர்கள், மழைக்காலத்தில் சின்னச் சின்ன ஓட்டம் ஓடும் வண்டியில் மூச்சுக்காற்று ஈரம் அங்கே தங்கும்.

டீசலா என்று பார்க்க, ஸ்கூல் லேபில் பயன்படுத்தும் ஃபில்டர் பேப்பர் வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்காவிட்டால் காபி ஃபில்டர் பேப்பரும் போதும். ஒரு சொட்டு உங்கள் ஆயில், பக்கத்தில் அதே பிராண்டு புது ஆயில் ஒரு சொட்டு. காகிதம் எதையும் தொடாமல் இருக்கும்படி ஒரு டம்ளரின் மேல் வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். டீசல் கலந்திருந்தால் கறுப்பு வட்டத்துக்கு வெளியே, நிறமில்லாமல் எண்ணெய்ப் பசையோடு ஒரு அகலமான வளையம் பரவியிருக்கும். புது ஆயிலோடு ஒப்பிட்டால்தான் அது தெரியும், தனியாகப் பார்த்தால் ஏமாறுவோம். அப்புறம் மூக்கு. காலையில் குச்சியை எடுத்ததும் முகர்ந்து பாருங்கள், டீசல் கலந்த ஆயிலின் வாடை தனி. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழுவழுப்புக் குறைந்து தண்ணியாக இருக்கும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஆயில் சாம்பிளை லேபில் கொடுக்கலாம். 100 டிகிரியில் பிசுக்குமை பார்ப்பார்கள். 15டபிள்யூ-40 ஆயில் என்றால் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குக் கீழே போகக்கூடாது, போனால் அது 40 கிரேடே இல்லை. ஃப்ளாஷ் பாயின்ட்டும் பார்ப்பார்கள், எஞ்சின் ஆயிலில் பொதுவாக 200 டிகிரிக்கு மேல் இருக்கும், டீசல் கலந்தால் நன்றாகவே இறங்கிவிடும். ஆனால் உங்களுக்கு அந்தச் செலவு தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

டீசல் என்றே வைத்துக்கொள்வோம். அது சம்புக்கு வர மூன்று வழி. ஒன்று, ஏதாவது ஒரு இன்ஜெக்டர் மூடாமல் சொட்டி, சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்குவது. அப்படி இருந்தால் ஐடிலிங் ஆடும், காலையில் வெள்ளைப் புகை வரும், ஒரு சிலிண்டர் மட்டும் தட்டும், ஸ்கேனர் போட்டால் நான்கில் ஒன்றின் டீசல் திருத்த அளவு மட்டும் தனியாக விலகி நிற்கும். இரண்டாவது, முன்னால் இருக்கும் ஹை பிரஷர் பம்ப்பின் ஷாஃப்ட் சீல். இந்த எஞ்சினில் பம்ப்பைக் கியர்தான் சுற்றுகிறது, பெல்ட் இல்லை, ஆகவே சீல் போனால் டீசல் வெளியே சொட்டாது, கியர் கேஸுக்குள் விழுந்து நேராகச் சம்புக்குப் போகும்.

மூன்றாவதுதான் எனக்குச் சந்தேகம். இன்னோவாவின் இந்த 2கேடி எஞ்சினில் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் பைப் (மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்புவது) வெளியே இல்லை, எஞ்சின் மேலே உள்ள டேப்பெட் கவருக்கு உள்ளே இருக்கிறது. நாலு இன்ஜெக்டருக்கும் நாலு ஓட்டை போல்ட், ஒவ்வொன்றுக்கும் வாஷர். வேறு பல வண்டிகளில் இது வெளியில் இருப்பதால் கசிந்தால் எஞ்சின் மேலேயே டீசல் ஈரம் தெரியும், வாடை அடிக்கும். இதில் கசிந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, கேம் மேல் விழுந்து ஆயிலோடு கீழே போய்விடும். இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டுமென்றால் இந்த ரிட்டர்ன் பைப்பைக் கழற்றியே ஆக வேண்டும். நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த இன்ஜெக்டர் வேலைக்கு அப்புறம்தானே லெவல் ஏற ஆரம்பித்தது? பழைய வாஷரையே திரும்பப் போட்டிருந்தால், ஏற்கெனவே நசுங்கியது மறுபடி உட்காராது. பில்லில் புது வாஷர் இருக்கிறதா பாருங்கள்.

மைலேஜ் மாறவில்லை என்றீர்கள், மாறாது. 2000 கி.மீ. ஓட 12 மைலேஜில் 167 லிட்டர் டீசல் ஆகும். அதில் ஒரு லிட்டர் சம்புக்குப் போனால் யாருக்குத் தெரியும்?

கரூர் கட்டுப்பாடு:

நாசில் கடை அண்ணா சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் 2.8 லட்சம் ஓடிய எஞ்சினில் ரிங் தேய்மானத்தை அவ்வளவு சுலபமாக ஒதுக்கக் கூடாது என்பது என் கருத்து. நான் டாக்ஸி வைத்து ஓட்டுகிறவன். இன்னொரு விஷயம், நம் ஊரில் வெயில் என்று சொல்லி தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்தால் எஞ்சின் சூடேறாமலே ஓடும், எரியாத டீசல் ஆயிலில் கலக்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நாசில் கடை:

தெர்மோஸ்டாட் நல்ல கேள்வி. ஆனால் அவர் முள் வழக்கமான இடத்தில் நிற்கிறது என்கிறார், அது இல்லாத வண்டியில் பொள்ளாச்சி ரோட்டில் காற்று அடிக்கும்போது முள் கீழே இறங்கிவிடும். தவிர அதனால் கலப்பது கொஞ்சம்தான், விரல் அகலம் ஏறாது.

ரிங் விஷயம். டீசல் கீழே இறங்கும் அளவுக்கு ரிங் தேய்ந்திருந்தால் அதே வழியில் ஆயில் மேலே போய் எரியும், எரிவாயுவும் கீழே வரும். ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா? ஏற்றத்தில் நீலப் புகை? இரண்டுமே இல்லாமல், இழுவையும் குறையாமல் ரிங் மட்டும் போயிருக்கிறது என்றால் நான் நம்ப மாட்டேன். சந்தேகம் தீராவிட்டால் கம்ப்ரஷன் பார்க்கலாம். எஞ்சினை இறக்குவது அதற்கெல்லாம் அப்புறம்.

யாழ் கேடிஎச்:

இங்கை இலங்கையில் டொயோட்டா கேடிஎச் வான் வைத்திருப்பவன் நான், அதில் உள்ளது 3 லிட்டர் 1கேடி எஞ்சின், உங்கடை எஞ்சினின் தமையன். அண்ணை சொன்ன ரிட்டர்ன் பைப் கதை இங்கையும் கராஜ்காரருக்கு நல்லாத் தெரியும்.

நான் சொல்ல வந்தது வேறை. கவரைக் கழற்றும்போது இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள காப்பர் வாஷரையும் கவனியுங்கோ. அது ஒழுகினால் டீசல் வராது, எரிந்த வாயு மேலே வரும், கரியாகித் தார்போல இறுகி, ஆயிலில் கலந்து, கடைசியில் சம்பில் உள்ள ஸ்ட்ரெய்னரை (ஆயிலை உறிஞ்சும் வாயில் உள்ள வடிகட்டி வலை) அடைக்கும். ஸ்ட்ரெய்னர் அடைபட்டால் சம்பு நிறைய ஆயில் இருந்தும் எஞ்சினுக்கு ஆயில் போகாது. அதனாலேயே கேடி எஞ்சின்கள் இறுகி நின்ற கதைகள் நிறைய உண்டு. இன்ஜெக்டர் கிணற்றைச் சுற்றிக் கறுப்பாகப் பிசின் இருக்கிறதோ எண்டு பாருங்கோ. இருந்தால் சம்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைப் பார்க்காமல் விட வேண்டாம்.

ராகவி:

கொஞ்சம் நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். என்னுடையது 2021 டீசல், சென்னைக்குள்ளேயே ஆபீஸ் போய்வருகிறேன், 6 கி.மீ. தான். எனக்கும் லெவல் ஏறியிருக்கிறது. இதுவும் ஒழுகலா?

நாசில் கடை:

உங்களுடையது ஒழுகலாக இருக்க வாய்ப்புக் குறைவு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற வண்டி பிஎஸ்6, டிபிஎஃப் இருக்கும். ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்க எக்ஸாஸ்டைச் சூடாக்க வேண்டும், அதற்காக வேலை முடிந்த சிலிண்டரில் கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளிக்கிறது எஞ்சின். 6 கி.மீ. ஓட்டத்தில் அது பாதியில் நின்றுபோகும், மறுநாள் மறுபடி முதலில் இருந்து. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் சுவரில் ஒட்டிய டீசல் கீழே இறங்கும். பெட்ரோல் என்றால் எஞ்சின் சூட்டில் ஆவியாகிப் போய்விடும், டீசல் அவ்வளவு சுலபமாக ஆவியாகாது, சேர்ந்துகொண்டே போகும். வாரத்துக்கு ஒரு நாள் ஜிஎஸ்டி ரோட்டில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். லெவல் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் இறக்கிவிடச் சொல்லாதீர்கள், மாற்றுங்கள், மெல்லிசான ஆயிலில் பாதியை இறக்கினாலும் மீதி மெல்லிசுதான். ஆனைமலைக்காரருக்கும் அந்த ஒரு லிட்டர் இறக்கும் யோசனைக்கு இதே பதில்தான்.

ஆனைமலைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வால்பாறைக்கு பஸ்ஸில் போய்வந்தேன்.

தோசைக்கல் சோதனையில் வெடிக்கவில்லை, புகைந்தது அவ்வளவுதான் (வீட்டில் தோசைக்கல் கேட்டதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை). ஃபில்டர் பேப்பரில் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது, என் ஆயிலைச் சுற்றி அகலமாக ஒரு ஈர வளையம், புது ஆயிலில் அப்படி இல்லை. வாடையும் டீசல் வாடைதான். ஆயில் மூடியைத் திறந்து ஐடிலிங்கில் விட்டேன், லேசான ஆவி தவிர எதுவும் தள்ளவில்லை.

இன்ஜெக்டர் வேலை பார்த்த இடத்தில் கொடுத்த பில்லைத் தேடி எடுத்தேன். லேபர் இருக்கிறது, சுத்தம் செய்த செலவு இருக்கிறது, டேப்பெட் கவர் கேஸ்கட் இருக்கிறது. வாஷர் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு, "நல்லா இருந்துச்சு சார், அதான் மாத்தல" என்றார்கள்.

இனி எப்படிச் செய்யச் சொல்ல வேண்டும்? வேறு மெக்கானிக்கிடம்தான் விடப்போகிறேன். அவர் எஞ்சினை ஓடவிட்டுக் கவரைத் திறந்து பார்க்கலாமா என்கிறார்.

நாசில் கடை:

கவரைத் திறந்துவிட்டு எஞ்சினை ஓட விடாதீர்கள், ஆயில் நாலாபக்கமும் அடிக்கும், அதில் டீசல் எங்கே சொட்டுகிறது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. ஓடும் எஞ்சினில் ஹை பிரஷர் பைப் எதையும் தளர்த்தவும் கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே இழக்க நேரலாம்.

எஞ்சின் ஆஃப். கவரைக் கழற்றியதும் எதையும் துடைப்பதற்கு முன்னால் நாலு போல்ட்டையும் நன்றாகப் பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கசியும் இடத்தைச் சுற்றி மட்டும் டீசல் கழுவி வெளிச்சென்று இருக்கும், மற்ற இடம் கறுத்திருக்கும். அப்புறம் துடைத்துவிட்டு, வெளியே வரும் ரிட்டர்ன் ஓஸைக் கழற்றி அதன் வழியாக மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்று கொடுக்க வேண்டும், டயருக்குக் காற்றடிக்கிற கணக்கில் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு போல்ட் தலையிலும் சோப்பு நுரையை பிரஷ்ஷில் தொட்டு வைத்தால் எது கசிகிறதோ அங்கே குமிழி வரும். வேலை முடிந்ததும் நுரையைத் துடைத்துவிடுங்கள்.

குமிழியே வராவிட்டால் பம்ப் பக்கம் போக வேண்டும். அதற்கு டீசலில் கலக்கும் சாயம் கிடைக்கிறது, புற ஊதா டார்ச் அடித்தால் ஒளிரும், பம்ப்பைக் கழற்றும்போது ஷாஃப்ட் சீல் பக்கத்தில் தெரியும். முதலில் மேலே பாருங்கள், மேலே கிடைத்துவிட்டால் கீழே போக வேண்டாம்.

வெள்ளை போலீரோ:

டர்போவின் இன்லெட் ஓஸையும் ஒருமுறை கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான பசை எல்லா வண்டியிலும் இருக்கும். தேங்கி நிற்கிறது என்றால் இன்டர்கூலர் இருக்கும் வண்டியில் அதையும் கழற்றிக் காலி செய்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அங்கே நிற்கிற ஆயில் பின்னால் எரிபொருளாகத்தான் போகும்.

ஆனைமலைக்காரன்:

கிடைத்துவிட்டது. இரண்டாவது சிலிண்டரின் ரிட்டர்ன் போல்ட். கவரைத் திறந்ததுமே அந்த இடம் மட்டும் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, காற்று கொடுத்ததும் குமிழி. நான்காவதிலும் நிதானமாக ஒன்றிரண்டு குமிழி. வாஷரைக் கையில் எடுத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் முழுக்க வரி வரியாகப் பழைய தடம்.

எல்லா வாஷரும், ரிட்டர்ன் பைப்பின் கடைசி இணைப்பில் இருந்ததும் சேர்த்து, புதிதாகப் போட்டாயிற்று. கவர் கேஸ்கட்டும் சீல்களும் புதிது. மறுபடி காற்று கொடுத்துப் பார்த்து, குமிழி இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் கவரை மூடினோம். பழைய ஆயிலை அளந்து பார்க்கச் சொன்னேன், நான் ஊற்றியதைவிட ஒன்றரை லிட்டர் போல அதிகம் வந்தது. இன்ஜெக்டர் கிணற்றில் பிசின் எதுவும் இல்லை, ஆனாலும் யாழ்ப்பாணத்து அண்ணா சொன்னதற்காகச் சம்பைக் கழற்றிப் பார்த்தோம், ஸ்ட்ரெய்னர் சுத்தமாகவே இருந்தது. டர்போ ஓஸில் பசை மட்டும்தான்.

செலவு, லேபர், ஆயில் எல்லாம் சேர்த்து அந்த எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. மெக்கானிக் புது ஆயில் ஊற்றுவதற்கு முன் டீசல் ஊற்றி எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு ஃப்ளஷ் செய்யலாம் என்றார், நான் வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். செய்யலாமா? பேரிங் ஏதாவது அடி வாங்கியிருக்குமா?

நாசில் கடை:

இத்தனை நாள் டீசல் கலந்து ஓடியதுதானே நோய், மறுபடி எதற்கு ஊற்ற வேண்டும்? வேண்டாம். விலை குறைந்த, ஆனால் கையேட்டில் சொன்ன கிரேடு ஆயில் ஊற்றி ஒரு 1000 கி.மீ. ஓட்டுங்கள், ஃபில்டரோடு மாற்றுங்கள், அப்புறம் வழக்கமான ஆயில். பேரிங்கைப் பற்றி இப்போதே சொல்ல முடியாது. நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில் ஆயில் பிரஷரை மெக்கானிக்கல் கேஜ் வைத்து ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், டேஷ்போர்டு விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், அது கடைசி நேரத்தில்தான் எரியும். முதல் ஆயிலை இறக்கும்போது ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்க்கலாம். பளபளவென்று துகள் இருந்தால் யோசிக்க வேண்டும், வெறும் கரி என்றால் விட்டுவிடலாம்.

லெவலை முதல் மாதம் வாரம் ஒரு தடவை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். அந்த நாலு போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்கினாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஓட்டை உள்ள போல்ட், கை பலத்தில் இறுக்கினால் விரிசல் விடும், அப்புறம் மறுபடி கவரைக் கழற்ற வேண்டி வரும்.

ஆனைமலைக்காரன்:

டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்கினார், பக்கத்தில் நின்று பார்த்தேன். ஃப்ளஷ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிரஷர் கேஜ் அவரிடம் இல்லையாம், கோவையில் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.